அம்மாவுக்கு ஏற்ற தரை எது? ஒரு வீட்டின் ஐந்து மாதத் தேடல்!

மடிப்பாக்கத்தில் இருக்கும் அந்த வீட்டில் மூன்று வகைத் தரைகள் இருந்தன. படுக்கையறைகள் இரண்டிலும் 1986-ல் வீடு கட்டியபோது போட்ட மொசைக். ஹால், சமையலறை, பாத்ரூமுக்குப் போகும் பாசேஜ் மூன்றிலும் 2008-ல் மகளின் கல்யாணத்துக்காக மொசைக்கின் மேலேயே ஒட்டிய பளபள டைல்ஸ். பின்கட்டில் வெறும் சிமென்ட். இதில் பளபள டைல்ஸில்தான், போன ஆடி மாதம் ஒரு விடியற்காலையில், அம்மா வழுக்கி விழுந்தார்.

அம்மாவுக்கு 73 வயது. கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடங்களுக்கு முன்பு தவறிவிட்டார். மகள் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. மகன் அமெரிக்காவில், நியூஜெர்சியில். மாடியில் ஒரு குடித்தனம் இருக்கிறது. கீழே அம்மா மட்டும்தான். விழும்போது கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை கை. சரியாயிடும். இதே வயசுல இடுப்பு எலும்பு உடைஞ்சா கதை வேற. வீட்டுத் தரையை முதல்ல பாருங்க."

டாக்டர் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

அன்று இரவு வீடியோ காலில் மகன் தீர்மானமாகப் பேசினான். "அம்மா, ஒண்ணு தரையை மாத்தணும். இல்லன்னா நீ கிளம்பி இங்க வந்துடணும். ரெண்டும் முடியாதுன்னா கோயம்புத்தூர்ல பெரியவங்களுக்குன்னே கட்டின குடியிருப்பு இருக்கு, பாக்கலாம்." மறுநாள் காலை மகளின் வாட்ஸ்அப்பில் அந்தக் குடியிருப்பின் படங்கள் வந்து விழுந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. இடது கையால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முற்றத்துச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். தரையைப் பற்றிய பேச்சு, அம்மா அந்த வீட்டில் இருப்பாரா மாட்டாரா என்ற பேச்சாக மாறியது அன்றைக்குத்தான்.

மகன் சொன்ன தரைக்கு 'லக்ஸுரி வினைல் பிளாங்க்' என்று பெயர். நியூஜெர்சியில் அவன் வீட்டில் பழைய கார்ப்பெட்டைச் சுருட்டி எறிந்துவிட்டு அதைத்தான் போட்டிருக்கிறான். பார்ப்பதற்கு மரப்பலகை மாதிரியே இருக்கும், மரம் அல்ல. சுமார் ஏழு அங்குல அகலம், நாலடி நீளத்தில் பட்டை பட்டையாக வரும். ஓரங்களில் உள்ள வெட்டு ஒன்றோடொன்று 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும். சிமென்ட் வேண்டாம், பசை வேண்டாம், பழைய தரையை உடைக்கவும் வேண்டாம். "ரெண்டே நாள்ல மொத்த வீடும் முடிஞ்சுடும்க்கா. அம்மாவை வேற எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம். தூசி இல்ல, சத்தம் இல்ல" என்றான் தம்பி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா ஒரு சனிக்கிழமை ஷோரூமுக்குக் கிளம்பினார்.

'லக்ஸுரி' என்ற அடைமொழியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பாய் போல் சுருட்டி விற்ற மெல்லிய வினைல் விரிப்பிலிருந்து வேறுபடுத்த வியாபாரிகள் வைத்த பெயர் அது. உள்ளே இருப்பது பி.வி.சி.தான். தண்ணீர் பைப் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். நடுப்பகுதியில் பி.வி.சி.யோடு சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து அழுத்தியிருந்தால் எஸ்.பி.சி. என்கிறார்கள், அது கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும். நுரைபோல ஊதிச் செய்தால் டபிள்யூ.பி.சி.; காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கனமான சாமான் அழுந்தினால் குழி விழும். அதன் மேல் மர ரேகைகளை அச்சடித்த ஒரு படலம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு தேய்மானப் படலம்.

அந்தக் கடைசிப் படலத்தில்தான் வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஷோரூம் பையன் ஒரு பட்டையைக் காட்டி, "இது டுவெல்வ் மில் மேடம், சூப்பரா உழைக்கும்" என்றான். பன்னிரண்டு மில்லிமீட்டரா என்று மகள் கேட்டார். பட்டையின் மொத்தக் கனமே ஐந்து மில்லிமீட்டர்தான் இருந்தது. 'மில்' என்பது மில்லிமீட்டர் அல்ல. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மில் என்றால் வெறும் 0.3 மில்லிமீட்டர், 20 மில் என்றால் 0.5 மில்லிமீட்டர். மொத்தக் கனத்தைக் காட்டி விலை சொல்பவர்கள் உண்டு. ஆனால், பட்டை எத்தனை வருடம் உழைக்கும் என்பது பெரும்பாலும் இந்த மேல் படலத்தின் கையில்தான் இருக்கிறது. செருப்பு போடாமல் ஒருவர் இருவர் நடமாடும் படுக்கையறைக்கு 12 மில் போதும். குழந்தைகள், நாய், சக்கர நாற்காலி உள்ள வீடென்றால் 20 மில்லைக் கேட்டு வாங்குவது நல்லது.

மகள் கேட்ட அடுத்த விஷயம் அந்தப் பையன் எதிர்பார்க்காதது. "ஒரு மக்குல தண்ணி கொடுப்பா" என்றார். நாலைந்து வினைல் பட்டைகளையும், பக்கத்து அடுக்கில் இருந்த டைல்ஸ் சாம்பிள்களையும் தரையில் வரிசையாக வைத்து, தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் ஏறி நின்று பாதத்தைத் தேய்த்துப் பார்த்தார். வந்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

வழுக்காத தன்மைக்கு ஆர்-9 முதல் ஆர்-13 வரை ஒரு தரவரிசை உண்டு. ஜெர்மனியில் வந்த முறை. எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். ஆனால், அந்தச் சோதனையை பூட்ஸ் போட்டுக்கொண்டு, எண்ணெய் ஊற்றிய சரிவில் நடந்து செய்கிறார்கள். தொழிற்சாலைகளுக்காக வந்தது அது. ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பதற்கு ஏ, பி, சி என்று தனியாக வேறொரு வரிசை இருக்கிறது; சி தான் அதிகப் பிடிப்பு. நம் வீடுகளில் யார் பூட்ஸோடு பாத்ரூமுக்குப் போகிறார்கள்? அட்டையில் ஏ, பி, சி போட்டிருந்தால் நல்லது. போடாவிட்டால் அந்த ஒரு மக் தண்ணீர்தான் பரிசோதனைக்கூடம்.

முடிவு இதுதான். மரம் போலச் சொரசொரப்பாக ரேகை விட்ட வினைல், பளபள டைல்ஸைவிட எவ்வளவோ தேவலை. வழவழப்பான வினைல், ஈரத்தில் டைல்ஸுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. எல்லாவற்றையும்விடக் காலைப் பிடித்தது, பக்கத்து அடுக்கில் யாரும் திரும்பிப் பார்க்காத சாம்பல் நிற மேட் டைல்ஸ். மகள் மூன்று சாம்பிள்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். அதே தெருவில் பல வருடங்களாக வேலை பார்ப்பவர். வினைல் பட்டையை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "இது நல்ல சரக்குதாம்மா. ஆனா தரை எப்படின்னு பாக்காம இதைப் போடக் கூடாது" என்றார். வீட்டில் தடித்த பிளாஸ்டிக் தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா பீரோவிலிருந்து பட்டுப்புடவை வைத்திருந்த பெரிய உறைகளை எடுத்து வந்து கொடுத்தார். மேஸ்திரி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியாக வெட்டி, இரண்டு படுக்கையறை மொசைக்கிலும் இரண்டிரண்டு இடத்தில் வைத்து, நாலு பக்கமும் காற்று புகாதபடி டேப் ஒட்டினார். "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் தொடாதீங்க."

எளிய சோதனை இது. குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்தால், தரைக்குள் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். வினைல் தண்ணீரில் ஊறாது என்பது உண்மை. 'நூறு சதவிகிதம் வாட்டர்புரூஃப்' என்று அட்டையில் எழுதியிருப்பதும் பொய்யல்ல. ஆனால், மேலிருந்து வரும் தண்ணீரைப் பற்றித்தான் அது பேசுகிறது. கீழிருந்து வரும் ஈரத்துக்கு அது ஒரு மூடி. போக வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, பூஞ்சை பிடித்து, ஒரு நாள் மூலையிலிருந்து வாடை கிளம்பும். சென்னையில் ஏரியை ஒட்டிய பகுதிகளில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த வாடை தெரியும்.

மறுநாள் பிரித்தபோது மூன்று தாள்கள் காய்ந்திருந்தன. அம்மாவின் அறையில், பாத்ரூம் சுவரை ஒட்டி வைத்த தாள் மட்டும் பனிமூட்டம் போட்டது மாதிரி இருந்தது.

பாத்ரூம் சுவரைத் தட்டிப் பார்த்து, பைப் இணைப்பில் கசிவு என்று மேஸ்திரி கண்டுபிடித்தார். அதைவிட முக்கியமான ஒன்றையும் கண்டுபிடித்தார். பாத்ரூம் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அது சாக்கடைத் துவாரத்தை நோக்கிப் போகவில்லை. சாவகாசமாகக் கதவுப் பக்கம் ஓடிவந்து, பாசேஜில் எட்டிப் பார்த்தது. "பாத்தீங்களா? வாட்டம் சரியில்ல. 2008-ல டைல்ஸ் போட்டவன் வாட்டம் விடல. அம்மா குளிச்ச தண்ணி ஒவ்வொரு நாளும் இங்கதான் வந்து நிக்குது."

ஆக, அம்மாவை விழவைத்தது டைல்ஸ் மட்டும் அல்ல. பதினேழு வருடங்களாக வாசல் தாண்டி வந்த தண்ணீர், விடியற்காலை இருட்டு, பளபள டைல்ஸ் மூன்றும் சேர்ந்த கூட்டுச்சதி அது. அதன் மேல் எந்தப் பட்டையைப் போட்டாலும் தண்ணீர் வரத்தான் செய்யும். தரையை மாற்றப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வாட்டத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் குறைவு.

கசிவைச் சரிசெய்தார்கள். பாத்ரூம் தரையைக் கொத்தி, வாட்டம் விட்டு, சொரசொரப்பான சின்ன டைல்ஸ் போட்டார்கள். சுவரில் இரண்டு கைப்பிடிகள் ஏறின. பாசேஜில், ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் ஒரு சின்ன விளக்கு. அங்கிருந்த பளபள டைல்ஸைப் பெயர்த்துவிட்டு மேட் டைல்ஸ் போடுவது என்றும் முடிவானது. பெயர்த்தபோது அடியில் பழைய மொசைக் தெரிந்தது, உடம்பெல்லாம் கொத்துக் காயங்களோடு. மேலே போடும் டைல்ஸ் பிடிப்பதற்காகப் பழைய தரையை உளியால் கொத்திவிடுவது வழக்கம். மகள் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த மொசைக் அப்பா பார்த்துப் பார்த்துப் போட்டது. வெள்ளை சிமென்ட்டில் பச்சையும் கறுப்புமாக மார்பிள் சில்லுகளைக் கலந்து, ஓரத்தில் கறுப்பு பார்டர் விட்டு, உருளையால் அழுத்தி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைத்து, பிறகு மெஷினில் முரட்டுக் கல்லில் தொடங்கி நைஸான கல் வரை மாற்றி மாற்றித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய தரை. சில்லு மூட்டையைப் பிரித்து, பழுப்பாக இருந்ததை எல்லாம் அப்பா உட்கார்ந்து பொறுக்கி எடுத்தாராம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. பொறுக்கிப் போட்ட சில்லுகளை வைத்துக் கல்லாங்காய் ஆடியது நினைவிருக்கிறது.

அன்று இரவு அக்காவுக்கும் தம்பிக்கும் போனில் சண்டை வந்தது.

"பெட்ரூம் மொசைக்கையும் மூடணும்னு சொல்ற. அது அப்பா போட்ட தரைடா. ஹால்ல போனது போதாதா? இதுவும் போகணுமா?"

"அக்கா, அப்பா இருந்திருந்தா அம்மா விழக் கூடாதுன்னுதான் நினைச்சிருப்பாரு. உனக்குத் தரை முக்கியமா, அம்மா முக்கியமா?"

"நீ அங்க உக்காந்துக்கிட்டு ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்னு சொல்லுவ. தினம் வந்து நிக்கிறது நான்."

இப்படியே கால் மணி நேரம் போனது. பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா, டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "யாராவது என்னைக் கேட்டீங்களாடா?" என்றார்.

இரண்டு பக்கமும் அமைதி.

"அந்த மொசைக் உங்கப்பா ஆசை. நல்லாதான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா மார்கழி வந்தா அதுல கால் வைக்க முடியல. ராத்திரி எழுந்திரிக்கிறப்போ அந்தச் சில்லிப்பு முட்டி வரைக்கும் ஏறுது. அவர் போனதுக்கப்புறம் நாலு வருஷமா ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டுத்தான் நடக்குறேன். சாக்ஸ் போட்டா வழுக்குது. இதை நான் யார்கிட்ட சொல்றது?"

மகளுக்கு அது புதுச் செய்தி. வாரம் இரண்டு முறை வந்துபோகிறவர். அந்த சாக்ஸ் கொடியில் காய்வதைப் பார்த்திருக்கிறார், ஏன் என்று கேட்டதில்லை.

"என் ரூம்ல அந்தப் பட்டையைப் போடுங்க. நான் மத்தியானம் உங்க சாம்பிளைக் கட்டிலுக்குக் கீழ வெச்சு நின்னு பாத்தேன். சில்லுன்னு இல்ல" என்ற அம்மா, மகன் சந்தோஷப்படுவதற்குள் தொடர்ந்தார். "ஆனா சமையல்கட்டுல வேணாம். குக்கரை இறக்கித் தரையில வைப்பேன். வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்திக் கழுவணும். ஹால்லயும் வேணாம். 2015-ல இங்க முழங்கால் அளவு தண்ணி நின்னதை மறந்துட்டியா? மொத்த வீட்டுலயும் இதைப் போட்டு, நாளைக்கு வெள்ளம் வந்தா யாரு பெயர்த்து எடுக்குறது?"

மகன் வீட்டில் யாரும் தரையில் வாளித் தண்ணீர் ஊற்றுவதில்லை. அங்கே பெரும்பாலான வீடுகளில் தரை என்பதே மரச் சட்டங்களின் மேல் அடித்த பிளைவுட் பலகை. அதில் தண்ணீர் ஊற்றினால் வீடே வீணாகிவிடும். பிழிந்த துணியால் ஒற்றியெடுப்பார்கள், அவ்வளவுதான். சூடான பாத்திரத்தைத் தரையில் வைக்கும் பழக்கமும் இல்லை. அந்த வாழ்க்கைக்கு வினைல் கச்சிதம். மடிப்பாக்கத்தில் தரை வேறு வேலைகளையும் பார்க்கிறது. அது உட்காரும் இடம், காய் நறுக்கும் இடம், பூ கட்டும் இடம், வெள்ளிக்கிழமை குளிக்கும் இடம். குக்கரின் அடிச்சூட்டுக்கு வினைல் தாங்காது. வட்டமாகத் தடம் விழுந்து, உப்பிவிடும். கொசுவர்த்திச் சுருள் உதிர்ந்த இடம் கறுக்கும். ஷோரூம் பையன் இதில் எதையும் சொல்லவில்லை. அவனைக் குறைசொல்லவும் முடியாது, யாரும் கேட்கவில்லை.

வெள்ளத்தைப் பற்றி அம்மா கேட்டதற்குப் பதில் இருந்தது. கிளிக் பட்டைகளைத் தரையில் ஒட்டுவதில்லை. சுவரோரம் எட்டு, பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மிதப்பது போல் போடுகிறார்கள். வெயிலில் விரிந்து சுருங்க அந்த இடம் வேண்டும். மேலே ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். வெள்ளம் உள்ளே வந்தால் பட்டைக்குக் கேடில்லை. ஆனால், அடியில் சேறும் நீரும் தங்கும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, தரை நன்றாகக் காயும் வரை சில வாரங்கள் காத்திருந்து, மறுபடியும் மாட்ட வேண்டும். ஒரு சின்ன அறைக்கு இது நடக்கிற காரியம். மொத்த வீட்டுக்கு நடக்காது. அம்மா சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது.

பச்சை மொசைக்குக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. கொத்த வேண்டாம், பசை வேண்டாம் என்பதால் அது அடியில் அப்படியே இருக்கும். என்றைக்காவது பட்டையைக் கழற்றினால், அப்பா பொறுக்கிச் சேர்த்த சில்லுகள் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வரும். மகள் இதைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தார்.

உடனே போட்டுவிடலாம் என்று மகன் சொன்னதை மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. "பைப் சரிபண்ணியாச்சு, சரி. ஆனா ஆவணியில காஞ்சிருக்கிற தரையை நம்பாதீங்க. ஐப்பசி மழை அடிக்கட்டும். அப்பவும் தாள் காஞ்சிருந்தா போடலாம்." இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதமும் அம்மா பழைய மொசைக்கிலேயே நடந்தார், ஆனால் பாசேஜில் தண்ணீர் இல்லை, விளக்கு எரிந்தது. ஐப்பசி மழையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு வாரத்தில் மறுபடியும் நாலு தாள் ஒட்டினார்கள். நாலும் காய்ந்திருந்தன.

அறை பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடி. வெட்டுக்கழிவுக்குப் பத்து சதவிகிதம் சேர்த்தால் 132. ஒரு பெட்டியில் 22 சதுர அடி என்பதால் ஆறு பெட்டிகள். வாங்கும்போது மகள் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டார். ஒன்று, ஆறு பெட்டியும் ஒரே பேட்ச் எண்ணா என்பது. பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும். இன்னொன்று, உள்ளே தாலேட் இல்லை என்பதற்கும், புது வாடை அளவோடு இருக்கிறது என்பதற்கும் சான்று. பி.வி.சி.யை இளக்கச் சேர்க்கும் தாலேட் ரசாயனங்கள் உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு எழுந்து, 2015-ல் அமெரிக்காவின் ஹோம் டிப்போ கடைகள் அவை சேர்ந்த வினைல் தரைகளை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன. உள்காற்றுத் தரத்துக்கு ஃப்ளோர்ஸ்கோர் என்றொரு முத்திரை இருக்கிறது. அந்த முத்திரை உள்ள பட்டை சதுர அடிக்கு முப்பது ரூபாய் கூடுதலாக இருந்தது. நாளெல்லாம் அந்த அறையில் இருக்கப்போவது வயதானவர் என்னும்போது, இதில் மிச்சம்பிடிப்பது சரியில்லை.

பெட்டிகள் வந்து இரண்டு நாள் அறையிலேயே கிடந்தன. அந்த அறையின் சூட்டுக்குப் பட்டை பழக வேண்டும். அதற்குள் மேஸ்திரி பத்தடி மட்டப்பலகையை வைத்துத் தரையைப் பார்த்தார். பத்தடி நீளத்தில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் நடக்கும்போது பட்டை அமுங்கி அமுங்கி எழும்பும், நாளடைவில் கிளிக் உடையும். முப்பத்தொன்பது வருட மொசைக் மட்டமாகவே இருந்தது. இரும்பு பீரோ நின்ற மூலை மட்டும் இறங்கியிருந்தது. லெவலிங் கலவையை ஊற்றிச் சரிசெய்தார்.

பட்டை போட வந்த இரண்டு இளைஞர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முக்கால் அறையை முடித்துவிட்டார்கள். ஆசாரி வந்து கதவின் அடியை இழைத்துக் கொடுத்தார். தரை உயர்ந்ததால் கதவு உரசியது. சிரமமாக இருந்தது வாசற்படிதான். பாசேஜ் டைல்ஸுக்கும் அறைக்கும் இடையே கால் அங்குல வித்தியாசம் வந்தது. பெரிய படி என்றால் கண்ணுக்குத் தெரியும், காலைத் தூக்கி வைப்போம். கால் அங்குலம் கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரல்தான் கண்டுபிடிக்கும். வயதானவர்கள் தடுக்கி விழுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். இளைஞர்கள் கொண்டுவந்த பளபள உலோகப் பட்டை விளிம்போடு இருந்தது. அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பி, சரிவாக இறங்கும் பட்டை வரும் வரை வேலையை ஒரு நாள் நிறுத்தி வைத்தார் மகள்.

கட்டில் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் வட்டங்கள் ஒட்டியாயிற்று. மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை. பிற்பகல் வெயில் நேராகப் பட்டால் வினைல் வெளிறும், சூட்டில் உப்பும். கொசுவர்த்தி போய் பிளக்கில் மாட்டும் திரவம் வந்தது. அறைவாசலில் அம்மா போட்டிருந்த ரப்பர் அடி மிதியடி வெளியே போனது. ரப்பர் பட்ட இடத்தில் வினைல் மஞ்சளாகும், அந்தக் கறை எதற்கும் போகாது. வேலைக்கு வரும் அக்காவிடம், இந்த அறையில் வாளியைக் கொண்டுவரக் கூடாது, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும் என்று சொன்னபோது, அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "வீடு முழுக்க இதையே போட்டிருக்கலாமேம்மா. என் இடுப்பு பொழச்சிருக்கும்."

மிச்சமான பட்டைகளைக் குப்பையில் போடப் போன இளைஞர்களை அம்மா தடுத்து, கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். போட்டு முடிப்பதற்கு முன்பே இன்னொன்றும் செய்யவைத்திருந்தார். ஒவ்வொரு பட்டையையும் மாட்டுவதற்கு முன் புரட்டி, பின்பக்கம் மார்க்கரால் எண் போடச் சொன்னார். வரிசை ஒன்று, பட்டை ஒன்று. வரிசை ஒன்று, பட்டை இரண்டு. வெள்ளம் வந்து கழற்றினால் திருப்பி மாட்டுவதற்கு. அந்த இளைஞர்கள் இதுவரை எந்த வீட்டிலும் இப்படிச் செய்ததில்லையாம். வரைபடத்தை அம்மா ஒரு பழைய மின்வாரிய டைரியில் எழுதி வைத்துக்கொண்டார். கோயம்புத்தூர் குடியிருப்பைப் பற்றி மகன் அதற்குப் பிறகு பேசவில்லை.

சமையலறையும் ஹாலும் இன்னும் பளபள டைல்ஸில்தான் இருக்கின்றன. சமையலறை வேலை தை பிறந்ததும் என்று முடிவாகியிருக்கிறது. எந்த டைல்ஸ் என்பதை இந்த முறை மகளும் மகனும் பேசவே இல்லை. அம்மா மேஸ்திரியோடு நேரில் போய், ஒரு சொம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டார். வாட்டம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சாக்பீஸால் தரையில் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டார்.